ஸ்ட்ரோக் ஏன் வந்தது? காரணத்தைப் படிப்படியாகத் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

"அப்பாவுக்கு ஸ்ட்ரோக்" என்று சொல்லும்போது நாம் விளைவைத்தான் சொல்கிறோம். கை விழுந்தது, வாய் கோணியது, பேச்சு குழறியது. ஏன் என்பதற்கு அந்தச் சொல்லில் பதில் இல்லை. ஒருவருக்குக் கழுத்து ரத்தக்குழாயில் படிந்த கொழுப்பு காரணமாக இருக்கும். இன்னொருவருக்கு இதயத்தின் தாறுமாறான துடிப்பு. மூன்றாமவருக்கு பிபி தாங்காமல் வெடித்த ஒரு சின்னக் குழாய். மூவரும் பார்க்க ஒரே மாதிரிதான் படுத்திருப்பார்கள். ஆனால் மூவருக்கும் வைத்தியம் வேறு. முதலாமவரைப் பிழைக்க வைக்கும் மருந்து மூன்றாமவரின் உயிரை எடுத்துவிடலாம்.

என் அப்பாவுக்கு முதல் முறை வந்தபோது டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில், ஹோல்ட்டர் பரிசோதனை (உடலில் மாட்டிய கருவியால் ஒரு நாளோ அதற்கு மேலோ இதயத்துடிப்பைப் பதிவு செய்வது) செய்துகொண்டு வரவும் என்று ஒரு வரி இருந்தது. கை தேறிவிட்டது, நடக்கிறார், இனி எதற்கு என்று விட்டுவிட்டோம். எட்டு மாதத்தில் இரண்டாவது ஸ்ட்ரோக். அப்போதுதான் இதயத்துடிப்பில் கோளாறு இருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகு, பக்கவாதம் வந்தவர்களின் குடும்பங்களோடு உட்கார்ந்து ஃபைல்களைப் புரட்டிப் பார்ப்பது எனக்கு ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. நான் மருத்துவன் இல்லை. மருத்துவரிடம் எதை, எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பது மட்டும் பழகியிருக்கிறது.

புதிதாக இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். ஸ்ட்ரோக் என்று கேட்டவுடன் நேராக மாத்திரைக்கும் பயிற்சிக்கும் தாவிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் நான்கைந்து கேள்விகளை யாரும் கேட்பதில்லை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லா மாத்திரைகளின் அட்டைகள். முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை ஏதாவது உண்டா, கடைசியாக எப்போது விழுங்கினார் என்ற விவரம். அது இருந்தால் மூளைக் குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா கூடாதா என்ற முடிவே மாறும்.

பழைய ஈசிஜி, எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்) ரிப்போர்ட் எவ்வளவு பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. சமீபத்தில் நடந்த அறுவை சிகிச்சை, தலையில் அடி, வயிற்றில் ரத்தக்கசிவு பற்றிய தகவலும் வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அவரைக் கடைசியாக நன்றாக இருந்த நிலையில் பார்த்த ஆள். அவர் கூடவே வர முடியாவிட்டால் அவருடைய போன் எண்ணாவது கையில் இருக்கட்டும்.

1. முதலில் கடிகாரம், மற்றதெல்லாம் அப்புறம்

ஐந்து விஷயங்களைப் பாருங்கள். திடீரென நிலைதடுமாறுகிறாரா? பார்வை மங்கலா, இரட்டையாகத் தெரிகிறதா? சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் தொங்குகிறதா? இரு கைகளையும் நீட்டச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா? ஒரு சின்ன வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல முடிகிறதா? இதில் ஒன்று திடீரென வந்திருந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இரண்டாவது அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இப்போது நேரத்தைக் குறியுங்கள். இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். மருத்துவர் கேட்பது "எப்போது பார்த்தீர்கள்" என்பதை அல்ல, "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்" என்பதை. காலை ஆறு மணிக்கு எழும்போதே கை வராமல் இருந்தது என்றால், ஸ்ட்ரோக் ஆறு மணிக்கு வந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது. இரவு பத்து மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தார் என்றால் கணக்கு பத்திலிருந்துதான். நடுவில் இரண்டு மணிக்குக் கழிப்பறைக்கு நேராக நடந்து போனதை யாராவது பார்த்திருந்தால் கணக்கு இரண்டிலிருந்து. அந்த நாலு மணி நேர வித்தியாசத்தில் சிகிச்சையே கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று எதுவும் அதனிடம் இல்லை. பெரிய குழாய் ஒன்று அடைபட்டு அப்படியே விடப்பட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் அடைபட்டவுடன் அந்தப் பகுதி முழுவதும் செத்துவிடாது. நடுப்பகுதி சாகும். அதைச் சுற்றியிருக்கும் வளையம் பக்கத்துக் குழாய்களிலிருந்து கசியும் கொஞ்சம் ரத்தத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு இருக்கும். சிகிச்சை காப்பாற்றப் பார்ப்பது அந்த வளையத்தைத்தான்.

அதனால்தான் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக 4.5 மணி நேர எல்லை. பெரிய குழாயில் கட்டி இருந்தால் தொடை அல்லது மணிக்கட்டு வழியாகக் கம்பி செலுத்தி இழுத்தெடுக்கும் சிகிச்சை உண்டு. அதை வழக்கமாக 6 மணி நேரத்துக்குள் செய்வார்கள். ஸ்கேனில் அந்த வளையம் இன்னும் பிழைத்திருப்பது தெரிந்தால் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்வதுண்டு. ஆகவே நேரம் கடந்துவிட்டது என்று வீட்டிலேயே நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

இந்தக் கட்டத்தில் செய்யக்கூடாதவை: ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். குழாய் வெடித்து வந்த ரத்தக்கசிவாக இருந்தால் அது நிலைமையைக் கெடுக்கும், அடைப்பா கசிவா என்று ஸ்கேன் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. தண்ணீர்கூட வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் தசையும் செயலிழந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியும். பிபி அதிகமாக இருக்கிறதே என்று நாக்கடியில் மாத்திரை வைக்காதீர்கள். அடைப்பைத் தாண்டி ரத்தத்தை அனுப்ப உடல் தானே அழுத்தத்தை ஏற்றியிருக்கலாம். அதைச் சடாரென்று இறக்கினால் அந்த வளையமும் போய்விடும். விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தியை இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் எந்தப் பயனும் இல்லை, நேரம்தான் போகும்.

எந்த மருத்துவமனை என்பதற்கும் ஒரே கேள்விதான். இந்த நேரத்தில் அங்கே சிடி ஸ்கேன் எடுக்க முடியுமா? முடியாது என்றால் அது எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் உங்களுக்குத் தூரம்தான்.

2. அது ஸ்ட்ரோக்தானா என்று உறுதி செய்தல்

ஸ்ட்ரோக் போலவே நடிக்கும் வேறு சில இருக்கின்றன. முதலாவது, சுகர் குறைவு. விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்து உடனே பார்த்துவிடலாம். அதனால்தான் சிடிக்கு முன்பே அதைச் செய்கிறார்கள். சர்க்கரை ஏறியவுடன் கை தானாக எழுந்துவிட்டால் ஸ்ட்ரோக் என்ற சந்தேகம் தீர்ந்தது.

வலிப்பு வந்து போன பிறகு ஒரு பக்கம் சில மணி நேரம் தளர்ந்து கிடப்பது இரண்டாவது. அதனால் விழுவதற்கு முன் கைகால் வெட்டி இழுத்ததா என்று பார்த்தவரிடம் கேளுங்கள். மூன்றாவது, முகநரம்பு வாதம். முகத்தின் ஒரு பாதி முழுவதும் தொங்கும், நெற்றியைக்கூடச் சுருக்க முடியாது, ஆனால் கைகாலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் நெற்றி சுருங்கும். விதிவிலக்கும் உண்டு என்பதால் இந்த வித்தியாசத்தை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

3. தானாகச் சரியாகிவிட்டால்

பத்து நிமிடம் கை மரத்தது, பிறகு சரியாகிவிட்டது. குடும்பம் நிம்மதியாகத் தூங்கப் போகும். நான் பார்த்தவரை அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான்.

கட்டி வந்து அடைத்து, தானாகக் கரைந்து நகர்ந்துவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். கட்டியை அனுப்பிய இடம் அப்படியே இருக்கிறது. அடுத்த கட்டி கரையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இப்படி வந்து போனவர்களுக்கு முழு ஸ்ட்ரோக் வரும் ஆபத்து முதல் 48 மணி நேரத்தில்தான் மிக அதிகம். எனவே இதையும் வந்தே விட்ட ஸ்ட்ரோக்காகவே எடுத்துக்கொண்டு அன்றைக்கே கீழே உள்ள படிகளைத் தொடங்க வேண்டும். காரணத்தைத் தேட இதைவிட நல்ல தருணம் கிடைக்காது, இன்னும் எதுவும் கெட்டுப்போகவில்லை.

4. அடைப்பா, கசிவா

இந்த ஒரு கேள்விக்காகத்தான் சிடி. ரத்தம் கசிந்திருந்தால் சிடியில் உடனே வெள்ளையாகத் தெரியும். அடைப்பாக இருந்தால் முதல் சில மணி நேரத்தில் சிடி கிட்டத்தட்ட நார்மலாகவே தெரியலாம்.

குழப்பம் இங்கே வரும். "ஸ்கேன் நார்மல்னு சொல்றாங்க, அப்புறம் எதுக்கு அட்மிஷன்?" என்று கேட்காத குடும்பம் குறைவு. அந்த நேரத்தில் நார்மலான சிடி என்றால் கசிவு இல்லை என்று மட்டுமே பொருள். கை விழுந்திருக்கிறது, சிடியில் ரத்தம் இல்லை, சுகர் சரியாக இருக்கிறது என்றால் அது அடைப்பாகத்தான் இருக்க வாய்ப்பு அதிகம். ஊசிக்கான முடிவு இதை வைத்தே எடுக்கப்படுகிறது. எம்ஆர்ஐயில் அடைப்பு சில நிமிடங்களிலேயே தெரியத் தொடங்கும். ஆனால் அதை எடுக்க நேரம் பிடிக்கும் என்பதால் முதலில் சிடிதான்.

ஊசி போடும் முன் பிபி 185/110க்குக் கீழே வர வேண்டும். ஊசி இல்லை என்றால் அடைப்பு வந்தவர்களுக்கு முதல் நாளில் பிபியைக் கொஞ்சம் உயரமாகவே விட்டு வைப்பதுண்டு. கசிவு வந்தவர்களுக்கு நேர்மாறு, மேல் எண்ணை 140 பக்கத்தில் கொண்டுவரப் பார்ப்பார்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு பிபி மருந்து ஏற்றுகிறார்கள், நமக்கு ஏற்றவில்லை என்று சண்டை போடும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

5. மூளையில் எந்த இடம்

இந்தப் படியை விட்டுவிட்டால் அடுத்த படியில் தவறான குழாயைக் குற்றவாளியாக்கிவிடுவோம். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

வலது கை விழுந்தால் சேதம் பொதுவாக இடது மூளையில். பெரும்பாலானவர்களுக்கு மொழியும் இடது பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் வலது கை விழுந்தவர்களுக்குப் பேச்சும் சேர்ந்து போவது சகஜம்.

பேச்சு போச்சு என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். அதில் இரண்டு வகை உண்டு. நாக்கு குழறுகிறது, ஆனால் சொற்கள் சரியாக வருகின்றன, எழுதச் சொன்னால் எழுதுகிறார் என்றால் அது வாய்த் தசைகளின் பிரச்சினை. சொல்லே கிடைக்கவில்லை, பேனாவைக் காட்டினால் பெயர் வரவில்லை, நாம் சொல்வதும் புரியவில்லை என்றால் அது மொழியின் பிரச்சினை. மூளையின் மேற்பரப்பு பாதிக்கப்பட்டால்தான் பெரும்பாலும் இரண்டாவது வகை வரும். மேற்பரப்புக்குப் போவது பெரிய குழாய்கள். இந்த ஒரு விவரமே காரணத்தின் பக்கம் கை காட்டிவிடும்.

முகமும் கையும் காலைவிட அதிகமாகப் பாதிக்கப்பட்டிருந்தால் நடுமூளைத் தமனி. கால் மட்டும் அதிகம் என்றால் முன்மூளைத் தமனி. பார்வையின் ஒரு பாதி மட்டும் போனால் பின்மூளைத் தமனி. தலைசுற்றல், இரட்டைப் பார்வை, விழுங்க முடியாமை எல்லாம் சேர்ந்து வந்தால் பிடரிப் பக்கம் மூளைத்தண்டுக்குப் போகும் குழாய்கள். இந்தக் கடைசி வகையைத்தான் வெறும் மயக்கம் என்று அடிக்கடி தவறவிடுகிறார்கள். கைகால் நன்றாக இருக்கும், ஆனால் எழுந்து நிற்க முடியாது.

முகம், கை, கால் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவில் தளர்ந்து, மொழியும் பார்வையும் முழுக்கச் சரியாக இருந்தால் அது ஆழத்தில் இருக்கும் நுண்குழாய் ஒன்றின் அடைப்பாக இருக்கலாம். ஸ்கேனில் 15 மி.மீ.க்கும் குறைவான சின்னப் புள்ளியாகத் தெரியும்.

6. அடைப்பு என்றால், கட்டி எங்கிருந்து வந்தது

வழிகாட்டியின் மையம் இதுதான். மூளைக்குள் போய்ச் சிக்கிய கட்டி பல சமயம் அங்கே உருவானதே இல்லை. தேட வேண்டிய இடங்கள் மூன்று.

முதல் இடம், பெரிய குழாய்கள். கழுத்தின் இரு பக்கமும் ஓடும் கரோட்டிட் தமனிகள், பின்பக்க முதுகெலும்புத் தமனிகள், மண்டைக்குள் இருக்கும் பெரிய கிளைகள். கொழுப்பு படிந்த இடம் வெடித்து, அதன் மேல் கட்டி உருவாகி, ஒரு துணுக்கு உடைந்து மேலே போகும். டாப்ளர் என்ற அல்ட்ராசவுண்ட் பரிசோதனை கழுத்தை மட்டும் காட்டும். மண்டைக்குள் பார்க்க ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோ அல்லது எம்ஆர் ஆஞ்சியோ வேண்டும். டாப்ளர் நார்மல் என்ற ஒரே வரியை வைத்துப் பெரிய குழாய்கள் எல்லாம் சரி என்று முடிவு கட்டக்கூடாது.

இன்னொரு தவறு இதைவிட மோசம். ரிப்போர்ட்டில் இடது கரோட்டிட் 60 சதவீத அடைப்பு என்றிருக்கும். எல்லாரும் காரணம் கிடைத்துவிட்டது என்பார்கள். ஆனால் விழுந்தது இடது கை, அதாவது சேதம் வலது மூளையில். இடது கரோட்டிட் ரத்தம் கொடுப்பது முக்கியமாக இடது மூளைக்கு. அந்த அடைப்பைக் கவனிக்க வேண்டும்தான், ஆனால் இந்த ஸ்ட்ரோக்குக்கு அது காரணம் இல்லை. தேடல் தொடர வேண்டும். ஐந்தாம் படியை முதலில் வைத்தது இதற்காகத்தான்.

பக்கம் பொருந்தி, அடைப்பு 70 முதல் 99 சதவீதம் என்றால் அறுவை சிகிச்சையால் நல்ல பலன் உண்டு. செய்வதானால் முதல் இரண்டு வாரத்துக்குள் செய்வது சிறந்தது. முழுக்க 100 சதவீதம் அடைபட்டிருந்தால் பொதுவாகத் திறப்பதில்லை. நூறுதானே அதிக ஆபத்து என்று குடும்பங்கள் திகைக்கும். மூடிய குழாய் வழியாகத் துணுக்குகள் மேலே போக முடியாது. அதைத் திறக்கப் போவதில் ஆபத்துதான் மிஞ்சும்.

இரண்டாவது இடம், இதயம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு ஸ்ட்ரோக் ஆபத்தை ஏறத்தாழ ஐந்து மடங்கு ஆக்குகிறது. மேலறை சுருங்காமல் வெறுமனே நடுங்கும்போது, இடது மேலறையின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பை போன்ற பகுதியில் ரத்தம் தேங்கி உறைகிறது. அங்கிருந்து வரும் கட்டி பெரிதாக இருக்கும், பெரிய குழாயையே அடைக்கும்.

இதைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். அந்தத் துடிப்பு வரும், போகும். வழக்கமான ஈசிஜி பதிவு செய்வது சுமார் 10 விநாடிதான். நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் வந்து போகும் கோளாறு அந்தப் பத்து விநாடிக்குள் மாட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஹோல்ட்டர். 24 மணி நேரம் போதாவிட்டால் இன்னும் சில நாட்கள். சந்தேகம் வலுவாக இருந்தால் மார்புத் தோலுக்கடியில் வைக்கும் சின்னக் கருவி ஆண்டுக்கணக்கில் துடிப்பைப் பதிவு செய்யும். "ஈசிஜி நார்மல்" என்ற வரியைப் பார்த்தவுடன் எங்கள் வீட்டில் இதயத்தை மறந்துவிட்டோம்.

ஸ்கேனில் ஒரு குறிப்பு கிடைக்கும். மூளையின் இரு பக்கத்திலும், அல்லது முன்னும் பின்னுமாக, ஒரே சமயத்தில் பல புள்ளிகள் இருந்தால் கட்டி எல்லாக் குழாய்களுக்கும் பொதுவான ஓர் இடத்திலிருந்து சிதறியிருக்கிறது. அது இதயமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எக்கோ பார்ப்பது இதயத்தின் மற்றக் கோளாறுகளுக்காக. சிறு வயதில் ரூமாட்டிக் காய்ச்சல் வந்து சுருங்கிய மைட்ரல் வால்வு, செயற்கை வால்வு, சமீபத்து மாரடைப்புக்குப் பிறகு சுவரில் ஒட்டிய கட்டி ஆகியவை அதில் தெரியும். காய்ச்சலோடு ஸ்ட்ரோக் வந்து, வால்வு பிரச்சினையும் இருந்தால் அதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். வால்வில் கிருமித்தொற்று இருந்தால் கட்டி கரைக்கும் ஊசி ஆபத்து.

மூன்றாவது இடம், நுண்குழாய்கள். பல வருட பிபியும் சுகரும் சேர்ந்து மூளையின் ஆழத்தில் இருக்கும் மெல்லிய குழாய்களின் சுவரைத் தடிக்க வைத்து உள்ளேயே அடைத்துவிடுகின்றன. இங்கே கட்டி வேறெங்கிருந்தும் வரவில்லை. ஐந்தாம் படியில் சொன்ன சின்னப் புள்ளி இதுதான். ஆனால் புள்ளி சின்னது என்பதால் மட்டும் கழுத்தையும் இதயத்தையும் பார்க்காமல் விடுவது தவறு. ஒரே ஆளுக்கு இரண்டு காரணம் இருப்பது அபூர்வம் இல்லை.

7. கசிவு என்றால்

மூளைத் திசுவுக்குள் கசிவா, மூளையைச் சுற்றியிருக்கும் உறைக்குக் கீழே கசிவா என்று முதலில் பிரிக்க வேண்டும்.

திசுவுக்குள் என்றால் இடத்தைப் பாருங்கள். ஆழமான பகுதிகள், மூளைத்தண்டு, சிறுமூளை என்றால் பெரும்பாலும் உயர் ரத்த அழுத்தம். வயதானவர்களுக்கு மேற்பரப்பை ஒட்டிக் கசிந்தால், குழாய்ச் சுவரில் அமிலாய்ட் என்ற புரதம் படிவது காரணமாக இருக்கலாம். அது திரும்பத் திரும்பக் கசியும் தன்மை கொண்டது. பிபி இல்லாத இளைஞருக்கு வந்தால் பிறவியிலேயே பின்னிக்கிடக்கும் குழாய்க் கொத்து, போதைப் பொருள், புற்றுக்கட்டி எல்லாவற்றையும் தேட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிட்ட மாத்திரையும் ஒரு காரணமே. சிலவற்றுக்கு மாற்று மருந்து உண்டு. அட்டைகளை எடுத்து வரச் சொன்னது இதற்கும்தான்.

உறைக்குக் கீழே கசிந்தால் வாழ்நாளில் இதுவரை வராத தலைவலி ஒரு நொடியில் உச்சத்துக்குப் போகும். கைகால் நன்றாகவே இருக்கலாம். அடியால் வராத கசிவாக இருந்தால், பெரும்பாலும் குழாயில் பலூன் போல உப்பிய இடம் வெடித்திருக்கும். முதல் நாளிலேயே மறுபடி வெடிக்கக்கூடும் என்பதால் ஆஞ்சியோ எடுத்து அந்த இடத்தை அடைப்பதில் தாமதம் கூடாது.

8. வயது குறைவு, பிபி இல்லை, சுகர் இல்லை

"இந்த வயசில் ஸ்ட்ரோக்கா?" என்று மருத்துவமனையிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வரும். காரணப் பட்டியல்தான் மாறும்.

கழுத்து வலியோடு வந்ததா? விபத்து, கழுத்தைச் சட்டென்று திருப்பிய பயிற்சி, நெட்டி முறித்தல் ஏதாவது முந்தைய நாட்களில் நடந்ததா? தமனியின் உள்சுவர் கிழிந்திருக்கலாம். கேட்டால்தான் சொல்வார்கள், அவர்களுக்கே அது சம்பந்தமில்லாததாகத் தோன்றும்.

பிரசவமாகிச் சில வாரங்கள்தான் ஆகின்றனவா, கருத்தடை மாத்திரை உண்டா, கடுமையான நீரிழப்பா? நாள்கணக்கில் தலைவலி, பிறகு வலிப்பு, பிறகு கை தளர்ச்சி என்று வந்தால் மூளையிலிருந்து ரத்தத்தை வெளியேற்றும் சிரைகளில் அடைப்பு. சாதாரண சிடியில் தவறிப்போகும், சிரைகளுக்கான தனி ஸ்கேன் வேண்டும். இதில் ஒரு விசித்திரம். ஸ்கேனில் கசிவு தெரிந்தாலும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின்தான் கொடுப்பார்கள். அடைப்பின் அழுத்தத்தால் வந்த கசிவு என்பதால் அடைப்பைத் தீர்ப்பதே வைத்தியம். பயந்து மறுத்துவிடாதீர்கள்.

இதயத்தின் மேலறைகளுக்கிடையில் கருவிலிருந்த சின்னத் துளை மூடாமல் இருப்பது நான்கில் ஒருவருக்கு உண்டு. இருப்பதாலேயே அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வேறு எதுவும் கிடைக்காத இளையவர்களுக்கு மட்டுமே அதை அடைப்பது பற்றிப் பேச்சு.

ரத்தம் சீக்கிரம் உறையும் தன்மைக்கான பரிசோதனைகளில் ஒரு பொறி இருக்கிறது. புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் அளவுகள் புதிதாகக் கட்டி உண்டான நேரத்திலும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடும்போதும் குறைவாகக் காட்டும். ஆன்டிபாஸ்ஃபோலிபிட் ஆன்டிபாடி ஒருமுறை வந்தால் போதாது, 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து உறுதி செய்ய வேண்டும். ஒரே ரிப்போர்ட்டை வைத்து வாழ்நாள் நோயாளி ஆனவர்களும் உண்டு.

9. "காரணம் தெரியவில்லை" என்றால் என்ன அர்த்தம்

அடைப்புகளை மருத்துவர்கள் ஐந்தாகப் பிரிக்கும் முறை 1993இல் வந்தது. பெரிய குழாய், இதயம், நுண்குழாய், மற்றத் தெரிந்த காரணங்கள், தெரியாதவை. இந்த ஐந்தாவது பெட்டியில் மூன்று விதமானவர்கள் ஒன்றாகக் கிடக்கிறார்கள். எல்லாம் தேடியும் கிடைக்காதவர்கள், இரண்டு காரணம் கிடைத்து எது என்று தெரியாதவர்கள், சரியாகத் தேடவே படாதவர்கள்.

உங்கள் ஃபைல் எந்த வகை என்று கேளுங்கள். மூன்றாவது வகை என்றால் விடுபட்ட பரிசோதனை எது என்பதே அடுத்த கேள்வி.

10. ஆபத்துக் காரணியும் காரணமும் ஒன்றல்ல

சுகரால் வந்தது, டென்ஷனால் வந்தது என்று வீட்டில் முடிவாகிவிடும். டென்ஷன் என்றால் யாரையாவது குற்றம் சொல்லவும் வசதி. பிபி, சுகர், புகை, மது, கொழுப்பு, உடல் அசையாமை எல்லாம் குழாயைக் கெடுக்கும் மண். அந்த மண்ணில் முளைத்தது எது என்பதைத்தான் இதுவரை தேடினோம். இரண்டையும் கவனிக்க வேண்டும். மண்ணை மட்டும் கவனித்தால் என் அப்பா கதைதான். பிபியும் சுகரும் கச்சிதமாக இருந்தன, இதயத்தை யாரும் பார்க்கவில்லை.

அதற்காக மண்ணை விட்டுவிடவும் முடியாது. பல நாடுகளில் நடந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு, ஸ்ட்ரோக் ஆபத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்குப் பத்துக் காரணிகளைக் கைகாட்டியது. முதலிடம் பிபிக்கு. மேல் எண்ணைப் பத்துப் புள்ளி குறைத்தாலே ஆபத்து சுமார் கால்பங்கு குறையும். நல்லா இருக்கேன், தலைவலியே இல்லை என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களிடம் நான் ஒன்று மட்டும் கேட்பேன். ஸ்ட்ரோக்குக்கு முந்தைய நாள் தலைவலி இருந்ததா?

11. காரணத்தையும் மாத்திரையையும் பொருத்திப் பார்த்தல்

இப்போதுதான் மருந்துச்சீட்டை எடுக்க வேண்டும். ஒவ்வொரு மாத்திரையும் எந்தக் காரணத்துக்கு என்று பக்கத்தில் எழுதுங்கள்.

பெரிய குழாய் அல்லது நுண்குழாய் அடைப்பு என்றால் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரல், கூடவே கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின். லேசான ஸ்ட்ரோக்கிலும், தானாக வந்து போனதிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டையும் சேர்த்துப் பொதுவாக மூன்று வாரம் கொடுத்து, பிறகு ஒன்றாகக் குறைப்பார்கள். குறைக்கும் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வாரத்துக்கானதை மூன்று வருடம் சாப்பிட்டு வயிற்றில் ரத்தம் கசிந்து வந்தவர் உண்டு.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றால் ஆஸ்பிரின் போதாது. வார்ஃபரின் அல்லது புதிய வகை மாத்திரைகள் வேண்டும். நன்றாகச் சுருங்கிய மைட்ரல் வால்வோ உலோக வால்வோ இருந்தால் வார்ஃபரின்தான், புதியவை கூடாது. வார்ஃபரினில் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) வழக்கமாக 2 முதல் 3க்குள் இருக்க வேண்டும், உலோக வால்வுக்கு அதைவிட உயரமாகவும் வைப்பார்கள். உங்களுக்கான எண்ணைக் கேட்டு அட்டையில் எழுதி வையுங்கள்.

கசிவு என்றால் பிபி மாத்திரைதான் முதல். ஆஸ்பிரினைத் திரும்பத் தொடங்கலாமா என்பது தனி விவாதம், பழைய அட்டை மிச்சம் இருக்கிறதே என்று நீங்களாகத் தொடங்காதீர்கள்.

எந்தக் காரணமும் எழுத முடியாத மாத்திரை ஒன்று மிஞ்சினால், அல்லது மாத்திரையே இல்லாத காரணம் ஒன்று மிஞ்சினால், அதுதான் அடுத்த முறை மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

12. ஃபைலின் முதல் பக்கம்

ஒரே தாளில் ஐந்து வரி எழுதி மேலே வையுங்கள். வகை: அடைப்பு அல்லது கசிவு. இடம்: எந்தப் பக்கம், எந்தக் குழாய். மூலம்: கழுத்தா, இதயமா, நுண்குழாயா, இன்னும் தெரியவில்லையா. இப்போதைய மருந்தும் தொடங்கிய தேதியும். பாக்கி இருக்கும் பரிசோதனைகள், எந்தத் தேதிக்குள் என்பதோடு.

ஸ்கேன்களின் ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் (CD) கேட்டு வாங்குங்கள். வேறு மருத்துவர் பார்க்கும்போது அவருக்கு வேண்டியது படம்தான். அந்தத் தாளின் ஒரு நகலைப் போனில் எடுத்து வீட்டில் எல்லாருக்கும் அனுப்பி வையுங்கள். அடுத்த முறை ஆம்புலன்ஸில் கூட ஏறுகிறவர் யார் என்று முன்கூட்டித் தெரியாது.